வெறும் கவரில் போட்ட கார்டு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் நலம், நீ நலமா என்று தொடங்குவதுதான் வழக்கம். இன்று எனக்கு அது வரவில்லை. உன் கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்களே, முடிவு வந்ததா? உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ இங்கே நம் வீட்டில் சேர்த்து வைத்த பழைய போஸ்ட் கார்டுகளை எந்தெந்த நண்பருக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் விலாசத்தோடு எழுதியிருக்கிறாய். போனில் கேட்டால், "எல்லாம் நார்மல்தான்க்கா, வீட்டுல இடத்தை அடைக்குதேன்னுதான் சொன்னேன்" என்கிறாய்.

சரி, சொன்னதைச் செய்வோம் என்று முதல் கார்டை எடுத்தேன். கலங்கரை விளக்குப் படங்களாகச் சேர்க்கிற தையல்காரர் ஒருவர் இருக்கிறார் என்றாயே, அவருக்கு. "அட்டையெல்லாம் வேண்டாம், வெறும் கவரில் போட்டாலே போதும், செலவும் கம்மி" என்று நீ எழுதியபடியே போட்டேன். தபாலாபீஸ் பெண் எடை போட்டுவிட்டு, "இப்படிக் கொண்டு வந்தா எங்களுக்கும் சுலபம்மா" என்றாள். நானும் மிச்சம் பிடித்த பெருமையில் வீட்டுக்கு வந்தேன்.

போன வாரம் அந்தத் தையல்காரர், கவரின் பின்னால் நான் எழுதியிருந்த நம்பரைப் பார்த்துப் போன் செய்தார். கார்டு நடுவில் மடிந்து, விளக்கின் மேலேயே கோடு விழுந்து வந்திருக்கிறதாம். திட்டப் போகிறார் என்று, தம்பி சொன்னபடிதான் வெறும் கவரில் போட்டேன் என்று நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "கார்டு கிடக்கட்டும்மா, உங்க தம்பிக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். நீ அனுப்புவதென்றால் பிளாஸ்டிக் உறை, அதன் இரு பக்கமும் பெட்டி அட்டை, ஒன்றின் உள்வரி நெடுக்காக, மற்றதன் உள்வரி குறுக்காக, எந்தப் பக்கமும் வளையாதபடி இருக்குமாம். பிரிக்கிறவர் கத்தியை வைத்துக் கார்டைக் கீறிவிடக் கூடாது என்று டேப்பின் நுனியைக்கூட மடித்து ஒட்டியிருப்பாயாம். "அந்த ஆளே வெறும் கவர்ல போடச் சொன்னாருன்னா எனக்கு பயமா இருக்கும்மா" என்றார்.

தம்பி, அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது முதல் சோறு இறங்கவில்லை. வாசல் மணி அடித்தாலே தபால்காரரோ என்று ஓடுகிறேன். உன் அத்தான், "வாயை மூடிக்கிட்டு நல்லதை நினை" என்று என்னை அதட்டுகிறார். ஆனால் அவரும் சத்தமில்லாமல் உன் நம்பரை அழுத்திப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். மின்விசிறி வந்த பெட்டியை வெட்டி, மிச்சக் கார்டுகளை எல்லாம் நீ கட்டுகிற மாதிரியே கட்டி வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்றைக்கூடத் தபாலில் போட மாட்டேன். போட்டால் நீயே போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது. பைத்தியக்காரி என்று சிரித்துக்கொள், பரவாயில்லை.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுது. கெட்டதென்றாலும் எழுது. கேட்டால் தாங்கிக்கொள்வேன், தெரியாமல் கிடப்பதைத்தான் தாங்க முடியவில்லை. துணிமணியை எடுத்து வைத்துவிட்டேன். நீ வா என்றால் அன்றைக்கே கிளம்பி வருகிறேன். வேண்டாம் என்றாலும் வருகிறேன்.

நீ நூறு வயது இருக்க வேண்டும். இந்த வீட்டில் நான்தான் மூத்தவள். நான் போன பிறகுதான் உன் முறை. என்னை முந்தாதே.

உன் அக்கா