வெள்ளரிக் கொடியில் மிஞ்சிய பூ

ருக்ஸார்,

வத்தலக்குண்டு போகிறேன். நாளை மறுநாள்தான் வருவேன். ரசம் இருக்கிறது, சுடவைத்துக்கொள்.

"காய்க்காத பூவு எதுக்குண்ணே, சத்தைத் திங்குது" என்று நேற்று வெள்ளரிக் கொடியில் ஆண் பூக்களைக் கிள்ளிவிட்டாய். நான் கத்தியிருக்கக் கூடாது.

வீட்டுக்குள் வளரும் கொடிக்குத் தேனீ வராது. உன் மதினி இருந்தவரை, ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் அவளே தடவிவிடுவாள். அவள் போட்ட விதையில் மிஞ்சியது இந்த ஒரு கொடிதான்.

ஜன்னல் பக்கம் ஓர் ஆண் பூ தப்பியிருக்கிறது. பூவுக்குப் பின்னால் குட்டிக் காய் ஒட்டியிருந்தால் அது பெண். காலையில் நீயே தடவிவிடு. நான் தடவிய பிஞ்செல்லாம் வெம்பி விழுந்தது. என் கையை நினைத்தால் பயமாக இருக்கிறது.

அண்ணன்

பிஞ்சு மஞ்சளாகி வெம்பினால் போனில் சொல்லாதே. உன் மதினி போனதையும் ஆஸ்பத்திரியிலிருந்து போனில்தான் சொன்னார்கள். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.