ஆண்டவருக்குச் சித்தமானால்

மதுரை,
14.7.1988.

கர்த்தருக்குள் பிரியமான மருமகள் வசந்தகிருபைக்கு, பாளையம்பட்டிச் சக்கரவர்த்தியாகிய உன் தாய்மாமன் தங்கசாமி எழுதிக்கொள்வது. ஸ்தோத்திரம்.

யாரும் நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன். உன்னோடு வேலை பார்க்கும் நாக்பூர் நர்ஸுகளுக்கு வாசித்துக் காட்டினால், மாமனுக்கு ஒரு கட்டிலும் இரண்டு ஊசியும் ஒதுக்குவார்கள். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனையும் நடந்தது.

உன் அத்தை வயிற்றில் கட்டி இருப்பது உனக்குத் தெரியும். திறந்து பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று சொல்லமுடியும் என்றார் டாக்டரம்மா. காலை ஒன்பது மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு மணி நேரம் என்றார்கள். இப்போது பதினொன்றரை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

“மாமா, பஸ் ஏறுவதற்குக்கூட 'ஆண்டவருக்குச் சித்தமானால்' என்று போடுவீர்களே, இப்போது ஏன் காணவில்லை?” என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். நர்ஸ் கண்ணுக்குத் தப்புமா? வேண்டுமென்றுதான் விட்டேன். அவருக்குச் சித்தமில்லை என்றால்? அந்த வார்த்தையை என் வாயாலேயே எடுத்துக் கொடுப்பானேன்?

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் உபதேசியார், “ஆண்டவருக்குச் சித்தமானால் நம் சகோதரி வியாழக்கிழமை சுகம் பெறுவார்” என்று அறிவித்தார். நான் எழுந்து, “சித்தமானால் வேண்டாம், சுகம் பெறுவார்னு மட்டும் சொல்லுங்க” என்று கர்ஜித்தேன். மல்லாங்கிணற்றில் கோழிகள் அடைகாத்த முட்டையை விட்டு ஓடின. திருச்சுழிப் பக்கம் இடி என்று நினைத்து ஏர் பூட்டிவிட்டார்கள். உபதேசியார் மட்டும் அசையவில்லை. “ஏன் தங்கசாமி, பொண்டாட்டிய அவர்கிட்ட இருந்து ஒளிச்சு வைக்கப் பாக்கியாக்கும்?” என்றார். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இன்று காலை தள்ளுவண்டியில் படுத்தபடி உன் அத்தை, “ஆண்டவருக்குச் சித்தமானா வந்துருவேன். ஆமென் சொல்லுங்க” என்றாள். நான் கூரையைப் பார்த்தேன். “ஏங்க, ஒங்களத்தான். ஊருக்கே கத அளக்குற வாயி, இப்ப என்ன?” என்றாள். வண்டி தள்ளும் அம்மாள் கதவைத் திறந்து பிடித்தபடி நிற்கிறாள். “என்னய ஒங்க சொத்துன்னு நெனச்சீகளா? ஒங்களுக்கு முந்தியே அவருக்கு என்னயத் தெரியும்” என்றாள் உன் அத்தை. பயத்தில் உதடு காய்ந்திருந்தது. அதட்டல் மட்டும் குறையவில்லை. சொன்னேன் பார் ஒரு ஆமென்! ஒன்பது ஜன்னல் கண்ணாடி தெறித்தது. வைகையில் தண்ணீர் வந்ததாகக் கேள்வி.

பன்னிரண்டு அடித்துவிட்டது. கதவு திறக்கவில்லை. ஒரு நர்ஸ் ஓடிவந்து ரத்தப் பாட்டில் வாங்கிக்கொண்டு போனாள். எதற்கம்மா என்று கேட்டேன், உட்காருங்க என்றாள். அதற்கு அர்த்தம் உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

இது உன் கையில் சேர நாலு நாளாகும். அதற்குள் தந்தி வந்திருந்தால், பதறாமல் துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு ரயிலேறு. வராவிட்டால் சந்தோஷப்படு. எதுவானாலும் ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக.

கோழி பொய். இடி பொய். அந்த ஆமெனும் பொய் மருமகளே. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. எனக்குப் பதிலாக நீ சொல்லிவிடு. அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். என் விரலை ஒவ்வொன்றாக எடுத்தேன். வண்டி உள்ளே போனது. அது மட்டும் நிஜம்.

உன் மாமன்,
தங்கசாமி.