வளர்ந்துவிட்ட டீக்கப் நாய்

பாப்பாவோட அப்பாவுக்கு,

நாங்க சேவூர்ல எங்கம்மா ஊட்டுல இருக்கறோமுங்க. நாயும் உசுரோடதான் இருக்குது. நீங்க சுவத்தோட வெச்சு மிதிச்சதுல அதுக்கு விலா எலும்பு ஒடிஞ்சு போச்சு.

"டீக்கப் நாய், டீ கப்புக்குள்ள அடங்கற சாதி, இதுக்கு மேல வளராது"ன்னு கடைக்காரன் சொன்னதும் தாய் நாயைக்கூடப் பாக்காம வாங்கிட்டு வந்தீங்க. அப்படியொரு சாதியே இல்லீன்னு டாக்டர் சொல்றாருங்க. பட்டினி போட்டுத்தான் அவன் சின்னதா வெச்சிருந்திருக்கறான். பனியன் கம்பெனியில எம் சைஸுக்கு எல் லேபிள் வெச்சுத் தெக்கச் சொல்றவரு நீங்க, அவன் லேபிளை எப்படி நம்புனீங்க?

நாம வயிறாரச் சோறு போட்டோம், அது வளந்துச்சு. ஏமாத்துனவனை விட்டுப்போட்டு அதை மிதிச்சீங்க.

குறுக்க விழுந்த என்ர கையில கட்டு இருக்குது. நாஞ் சொல்லச் சொல்லப் பாப்பாதான் எழுதறா. போன வருசத்துப் பாவாடை அவளுக்குக் கணுக்காலுக்கு மேல நிக்குது.

அவளும் வளர்றாளுங்க. நாங்க திரும்பி வரலீங்க.

பாப்பாவோட அம்மா