தண்ணீர் கேட்காத செடிகள்

ராமகுப்பம்
12.8.2000

அன்புள்ள பத்மினிக்கு,

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. நீ கேட்ட நீலம்தான். கதவுக்கு மட்டும் பச்சை. கடையில் அந்த நிறம்தான் மிச்சம் இருந்தது. வந்து திட்டிக்கொள். இனி பாக்கி இருப்பது முன்வாசல். மதிலுக்கும் படிக்கும் நடுவில் பத்தடி வெறும் மண். பிள்ளை இல்லாத வீட்டில் வாசலிலாவது எதுவாவது வளரட்டும் என்று விமானம் ஏறும் முன் நீ சொன்னதை நான் மறக்கவில்லை.

மல்லி நான்கு பதியன், கனகாம்பரம் ஒரு பாத்தி வைத்திருக்கிறேன். குளிக்கிற தண்ணீர் வேருக்குப் போய்ச் சேரும்படி வாய்க்கால் வெட்டினேன். ஊர் போர்வெல்லில் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது. ஆவணியில் மழை பிடித்தால் சரியாகிவிடும்.

குவைத்தில் வீட்டு வேலை அதிகமா? அந்த அம்மாள் நேரத்துக்குச் சோறு போடுகிறாளா? உன் காண்ட்ராக்ட் முடிய இரண்டு வருஷம்கூட இல்லை. மல்லி உனக்கு முன்னால் பூத்துவிடும்.

உன்
வேதாச்சலம்


குவைத்
3.10.2000

அன்புள்ள மாமாவுக்கு,

நீல வீட்டுக்குப் பச்சைக் கதவு வைத்த ஆள் நம் மண்டலத்தில் மட்டும் இல்லை, ஆந்திராவிலேயே நீங்கள் ஒருவர்தான். வந்து பேசிக்கொள்கிறேன்.

இங்கே சோறு உண்டு; உட்கார்ந்து சாப்பிடத்தான் நேரம் கிடையாது. காலையில் எழுந்ததும் முற்றம் கழுவ வேண்டும். தூசி இருக்கிறதோ இல்லையோ, குழாயைப் பிடித்துத் தெருவரைக்கும் கழுவ வேண்டும். அப்புறம் கார் இரண்டு. அப்புறம் புல்தரை. கடல் தண்ணீரில் உப்பை எடுத்துவிட்டுக் குழாயில் விடுகிறார்களாம். வந்த புதிதில் பழக்க தோஷத்தில் குழாயைப் பாதியில் மூடினேன். மேடம் வெளியே வந்து முழுசாகத் திறந்துவிட்டுப் போனாள்.

இங்கே தலையில் பூ வைக்க வழியில்லை, முக்காடுதான். நான் வருகிற அன்று மல்லியில் மொட்டு இருக்க வேண்டும். நானே பறித்து நானே கட்டி வைத்துக்கொள்வேன். அதை நினைத்துக்கொண்டுதான் முற்றம் கழுவுகிறேன்.

உங்கள்
பத்மினி


ராமகுப்பம்
19.5.2001

அன்புள்ள பத்மினிக்கு,

மல்லி போய்விட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நடுவில் எழுதியதெல்லாம் பொய்யாகத் தெரியும்.

கனகாம்பரம் தை மாதமே காய்ந்தது. மாசியில் போர்வெல் நின்றது. அதன்பின் குளியலே வாரத்துக்கு ஒருநாள் என்றான பிறகு வாய்க்காலில் என்ன ஓடும்? இப்போது டேங்கர் வருகிறது. டிரைவர் தெலுங்கில் கத்திக்கொண்டே ஊற்றுகிறான். வீட்டுக்கு இரண்டு குடம்.

வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார மனம் வரவில்லை. இந்தக் கத்திரி வெயிலில் எது உயிரோடு நிற்கிறது என்று ஏரிக்கரையிலிருந்து மலையடிவாரம் வரை நடந்து பார்த்தேன். யாரும் தண்ணீர் ஊற்றாமல் இப்போது பச்சையாக இருப்பதுதான் நம் வாசலுக்கு ஆகும். ஆவாரை நிற்கிறது, பூவோடு. நொச்சி வறண்ட ஓடைக்குள்ளேயே நிற்கிறது. விராலி பாறை இடுக்கில் நிற்கிறது. இலை பிசுபிசுப்பாக இருப்பதால் ஆடு வாய் வைப்பதில்லை. மற்ற இரண்டையும்கூட ஆடு அவ்வளவாகத் தொடாது. மதில் ஓரம் விராலி, மூலையில் நொச்சி, படிக்கு இரண்டு பக்கமும் ஆவாரை என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஒரு தப்பு செய்தேன். இடுப்பளவு வளர்ந்த ஆவாரையைப் பெயர்த்துக்கொண்டு வந்து நட்டேன். அதன் ஆணிவேர் எங்கேயோ ஆழத்தில் போகிறது. பாதியில் அறுந்துவிட்டது. நான்கு நாளில் இலையெல்லாம் கொட்டிச் செத்தது. இருக்கப்போகிற இடத்திலேயே விதையிலிருந்து வந்தால்தான் உண்டு. நெற்று சேர்த்து வைத்திருக்கிறேன். விதையை வெந்நீரில் ஊறவைத்து ஆனியில் போடுவேன்.

உன்
வேதாச்சலம்


குவைத்
8.7.2001

அன்புள்ள மாமாவுக்கு,

ஏரிக்கரைப் புதரைக் கொண்டுவந்து வாசலில் வைக்கவா நான் இங்கே கிடக்கிறேன்? நம் பாட்டனுக்குச் சொந்தமாக ஒரு அடி நிலம் கிடையாது. நமக்கு மதிலோடு வீடு வந்திருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் நொச்சிதான் படணுமா?

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். உங்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? மேகத்தைத்தான் திட்ட வேண்டும். ஆவாரம்பூ மஞ்சளாக அழகாகத்தான் இருக்கும். போடுங்கள். ஆனால் அந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாளைக்கு எருக்கும் நன்றாக நிற்கிறது என்று எழுதுவீர்கள். அது ஆள் இல்லாத வீட்டில் முளைக்கிற செடி. வேண்டாம்.

மேடம் வீட்டில் புல்லை மாற்றினார்கள். பழைய புல்லும் பச்சையாகத்தான் இருந்தது.

உங்கள்
பத்மினி


ராமகுப்பம்
16.12.2001

அன்புள்ள பத்மினிக்கு,

ஆவாரை முளைத்தது. ஒரு மழைக்கு வந்தது, அடுத்த மழைக்குக் காத்திருந்தது, அது வரவே இல்லை. மூன்று செடி மிச்சம். விராலி பரவாயில்லை. நொச்சிக் குச்சி வேர் பிடிக்கவில்லை. குத்தகைக் கொல்லையில் போட்ட நிலக்கடலை விதைக்குக்கூடத் தேறவில்லை.

நீ கோபித்துக்கொண்டாலும் சரி, எழுதுகிறேன். படி ஓரம் எருக்கு வந்திருக்கிறது. நான் வைக்கவில்லை. பக்கத்து வீட்டு மணியம்மா மதில்மேல் கையூன்றிக்கொண்டு கேட்டாள்:

"இன்னா வேதாச்சலம், வாசல்ல எருக்கு நிக்கிது, புடுங்காம பாத்துக்கினு கீற? புள்ளைதான் இல்ல, ஆளும் இல்லன்னு ஊரக் கூட்டிச் சொல்லணுமா?"

"நானா வெச்சேன்? அதுவா வந்துது மணியம்மா."

"அதுவா பாம்பு வந்தா அதையும் உட்டுருவியா?"

"பாம்புகூடத் தண்ணி குடிக்கும். இது ஒண்ணும் கேக்கல, வுடு."

சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பிடுங்கவில்லை. இந்த வருஷம் நம் வீட்டுக்குத் தானாக வந்தது அது ஒன்றுதான்.

போன மாதம் முதல் பெங்களூரில் வேலை. நம் தெரு ஏழுமலைதான் கூட்டிக்கொண்டு போனான். ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனித் தோட்டம். புல்லுக்குத் தண்ணீர் விட வேண்டும். பொழுதுக்கும் அதுதான் வேலை. பின்னால் தகர ஷெட்டில் படுக்கை. சனிக்கிழமை ரயில் பிடித்துக் குப்பம் ஸ்டேஷனில் இறங்கி வந்து, ஞாயிறு மட்டும் வீட்டில். நீ அங்கே, நான் இங்கே, இரண்டு பேரும் யார் வீட்டுப் புல்லுக்கோ தண்ணீர் விடுகிறோம்.

உன்
வேதாச்சலம்


குவைத்
20.2.2002

அன்புள்ள மாமாவுக்கு,

மே மாதம் காண்ட்ராக்ட் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இரு, சம்பளம் கூட்டித் தருகிறேன் என்கிறாள் மேடம். மார்ச் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

போனில் கேட்கலாம் என்று பார்த்தேன். பக்கத்தில் ஆள் நிற்கும்போது இதைக் கேட்க எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். வரட்டுமா?

வாசலில் எது நிற்கிறது, எது போனது என்று எழுத வேண்டாம். எருக்கு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் பதிலைப் பார்த்துத்தான் மேடத்திடம் சொல்வேன். பெட்டி வாங்கிவிட்டேன்.

உங்கள்
பத்மினி


ராமகுப்பம்
10.3.2002

அன்புள்ள பத்மினிக்கு,

இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நடப்பதை நடக்கிறபடி சொல்கிறேன், நீயே பார்.

டேங்கர் இப்போது வாரத்துக்கு இரண்டு நாள்தான். நான் இல்லாததால் நம் குடத்தை மணியம்மா பிடித்து அவர்களே வைத்துக்கொள்கிறார்கள். அதில் தப்பில்லை, அவர்கள் வீட்டில் ஆறு பேர். நீ வந்தால் அதைத் திருப்பிக் கேட்க வேண்டும். வாரம் முழுக்க நீ தனியாக இருப்பாய். ஷெட்டில் பெண்கள் தங்க முடியாது. நீ குழாயை முழுசாகத் திறந்து பழகியவள். குடத்துக்காக டேங்கர் பின்னால் ஓடி, அந்த டிரைவரிடம் பேச்சு வாங்குவதை என்னால் பார்க்க முடியாது.

ஆவாரை மூன்றும் போய்விட்டன. விராலி பாதி காய்ந்துவிட்டது. எருக்கு மட்டும் பூத்திருக்கிறது. தண்ணீர் இல்லாமல் எது நிற்கும் என்றுதான் ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ நிற்க மாட்டாய். இந்த வருஷ மழையைப் பார்த்துவிட்டு அப்புறம் யோசிப்போம். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

உன்
வேதாச்சலம்


குவைத்
30.3.2002

வேதாச்சலம் அவர்களுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வருஷம்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். டேங்கர் இருக்கிறது, குடம் இருக்கிறது, மணியம்மா வீட்டில் ஆறு பேர் இருக்கிறார்கள். தண்ணீர் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. நான் பிறந்ததும் அந்தப் பக்கம்தான், எனக்குத் தெரியாதா? வரட்டுமா என்று கேட்டேன்.

இனி செடியைப் பற்றி எழுத வேண்டாம். சம்பளத்தில் ஒரு பங்கு எப்போதும்போல் வந்துவிடும்.

பெட்டியை எதிர்வீட்டில் வேலை செய்யும் லட்சுமம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். மதனபல்லி பக்கத்துப் பெண். புதன்கிழமை ஊருக்குப் போகிறாள். அவள் ஊரிலும் டேங்கர்தானாம். வீட்டில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பத்மினி