சத்தமே போடாத காரும் உன் சீட்டும்

என் வீட்டு மகாராணிக்கு,

நலம்தானே? முட்டிவலி தேவலையா? யாருமே நம்பாத கதை ஒன்றைச் சத்தியம் செய்து எழுதுகிறேன்.

வேலைக்கு வந்த இந்த ஊரில் ஹைபிரிட் கார் ஒன்றை லீஸுக்கு எடுக்கப் போனேன். பொத்தானை அழுத்தினால் மூச்சுப்பேச்சே இல்லை. "வண்டி செத்துப்போச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் ஷோரூம் கண்ணாடியெல்லாம் நொறுங்கியது. "பேட்டரியில ஓடுது சார், வேகமெடுத்தா பெட்ரோல்" என்றபடி பக்கத்தில் உட்கார வந்தான் விற்கிறவன். "அது எம் பொண்டாட்டி சீட்டு, பின்னாடி ஏறுப்பா" என்று விரட்டினேன்.

ஓட்டிப் பார்த்துத் திரும்பியதும் கையெழுத்துக் கேட்டான். லீஸ் என்றால் மூன்று வருடத்தில் வண்டியைத் திருப்பித் தர வேண்டுமாம். "மூணு வருஷம் கழிச்சு அவ இங்க வர்ற நேரத்துல பிடுங்குவியா? எடுத்தா சொந்தமாத்தான்!" என் கர்ஜனையில் ஊரே நடுங்கியது.

நம் பழைய வண்டி இருமிக்கொண்டே கிளம்புமே, அந்தச் சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பு, சொந்தமாக வாங்கும் வண்டியில் போட்டுக் கேட்கிறேன். ஷிப்டுக்கு ஓடுகிறேன்.

கண்ணாடிக்கும் ஊருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் சீட்டில் மட்டும் நிஜமாகவே யாரையும் உட்கார விடவில்லை.