கலெக்டரம்மாவின் குரல்

ஆகஸ்ட் 11, திங்கள்
காலையிலிருந்து தூறல். ஆலைக்கு லீவு. நித்யா போய் முப்பத்தெட்டு நாள். நாலே நாள் காய்ச்சல்.

அவள் மேஜையை இன்றுதான் தொட்டேன். பேனா 6. கண்ணாடி துடைக்கிற துணி. பாதி கடித்த கடலை மிட்டாய். ரெக்கார்டர்.

அவளுடைய கைடு மேடம் நேற்று போனில்: "எழுதி முடிச்சதும் குரலை அழிச்சிடுவேன்னு பேட்டி குடுத்த பொண்ணுங்களுக்கு வாக்கு குடுத்திருக்கா. எல்லாம் எழுதிட்டா, அழிக்கத்தான் நேரமில்ல. நீங்க கேக்காமலே அழிச்சிடுங்க."

சரி என்றேன். இன்று சாயங்காலம் கேட்டேன். கடைசி ஃபைல் மட்டும்.

முழுக்க பஸ் இரைச்சல். பாலியல் தொழில் செய்கிற பெண்களிடம் உடம்பு, ஆஸ்பத்திரி, ஆசை பற்றிக் கேட்பதுதான் அவள் ஆராய்ச்சி. வீட்டில் வைத்துப் பேச முடியாது. டீக்கடையிலும் முடியாது. அதனால் கச்சிராயபாளையம் டவுன் பஸ், இன்ஜினை ஒட்டின சீட். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. போய்த் திரும்பினால் ஒரு பேட்டி. பின்சீட்டுக்குக்கூடக் கேட்காது.

எனக்கும் கேட்கவில்லை. அடியில் எங்கேயோ அவள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்
மழை இல்லை. பால் திரிந்துவிட்டது.

லேப்டாப்பில் போட்டு இன்ஜின் சத்தத்தை வடிகட்டினேன். ஆலையில் மோட்டார் அதிர்வைப் பிரித்துப் பார்க்கிற அதே வேலை. மூன்று மணி நேரம். வந்துவிட்டாள்.

"நெசப் பேரு வேணாம். இன்னா பேரு போடட்டும்?"

"கலெக்டர்னு போட்டுக்கோ கண்ணு. அந்த ஆபீஸ்ல வாட்ச்மேனே உள்ள வுடமாட்றான், இதுலயாவது ஏறிக் குந்திக்கிறேன்."

இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

பிறகு ஆஸ்பத்திரி. "டெஸ்ட்டுக்குப் போனா சீட்ட தூக்கிப் போடுது அந்த நர்ஸம்மா. எல்லார் முன்னாலயும், 'மறுபடியும் வந்துட்டியா'ன்னுது. அதோட நான் போறதில்ல."

"உங்களுக்கு எது புடிக்கும் கலெக்டரம்மா? வர்றவங்களுக்கு இல்ல. உங்களுக்கு."

ஹாரன். அப்புறம்: "இத ஒருத்தரும் கேட்டதில்ல. தலைய கோதிக்கினே இருந்தா தூங்கிப் பூடுவேன். அவ்ளோதான்."

நிறுத்தினேன். மூன்று வருஷக் கல்யாணம். நித்யாவை நான் கேட்டதில்லை.

திரும்பப் போட்டேன். கலெக்டரம்மாவின் ஊர், மகள் பேர், மருமகனாக வரப்போகிறவனின் வேலை, எல்லாம் கண்ணாடி மாதிரி. இரைச்சலில் மறைந்திருந்தவளை நான் வெளியே எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்
நித்யாவின் போன் அடித்தது. திரையில் 'கலெக்டர்'.

"இன்னா கண்ணு, ஒரு மாசமா ஆளையே காணோம்?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் தெரியவில்லை.

"காய்ச்சலா?" பிறகு: "லேசா சுட்டாலே எங்கள டெஸ்ட்டுக்கு இழுத்துக்கினு போவுமே அது."

அழுதாள். நான் அழவில்லை.

"கேக்கவே நாக்கு கூசுது. என் பேச்சு இன்னும் அதுல கீதுங்களா? அடுத்த மாசம் பொண்ணுக்குக் கண்ணாலம். எங்கியாவது வெளிய வந்துச்சுன்னா..."

"இருக்கு."

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"பஸ்ஸு சத்தத்துல ஒண்ணும் புரியாதுன்னு சொல்லிச்சே."

"சத்தத்த எடுத்துட்டேன். அவ குரலுக்காக. தப்புதாங்க."

"அப்ப அது பேசறத வச்சிக்கினு என்னுத மட்டும் எடுத்துடுங்க சார்."

அவளாகச் சொன்னது. நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்
வெட்டிப் பார்த்தேன். கேள்விகள் தனியாக வந்தன, பதினொன்று. சிரிப்பு மட்டும் தனியாக வரவில்லை. இரண்டு பேருடையதும் ஒன்றின் மேல் ஒன்று. எங்கே வெட்டினாலும் கலெக்டரம்மாவும் கூடவே.

கேள்விகளை மட்டும் வரிசையாக ஓட விட்டேன். பதில் இல்லாத நித்யா. "உங்களுக்கு எது புடிக்கும்?" அறையில் நான் மட்டும்.

அழித்தது: ரெக்கார்டர் முழுக்க. லேப்டாப் காப்பி. வடிகட்டினது. வெட்டின பதினொன்றும். அழித்த இடத்தின் மேலே வெறும் பூஜ்யம் எழுதி இரண்டு தடவை. திரும்ப எடுக்க வழி இல்லை, எனக்கும்.

போன் செய்தேன். "எல்லாம் போயிடுச்சுங்க."

"அது பேசினதுமா?"

"அதுவும்."

"சாப்ட்டீங்களா?" என்றாள்.

ஆகஸ்ட் 16, சனி
வெயில். கச்சிராயபாளையம் டவுன் பஸ். இன்ஜினை ஒட்டின சீட் காலி, உட்கார்ந்தேன்.

"சார், அது லேடீஸ் சீட்டு. எந்திரிங்க."

கம்பியைப் பிடித்து நின்றேன். இரண்டு பெண்கள் ஏறி அங்கே உட்கார்ந்தார்கள். பஸ் திரும்புகிற அணை வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார்கள். ஒரு அடி தூரம்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை.