சந்து முனையில் நான் நட்ட கம்பங்கள்

ஆடி 14, செவ்வாய்

சந்தில் மோட்டார் பைக்குகள் பறக்கின்றன என்று, போன வாரம் என் செலவிலேயே முனையில் இடுப்புயர இரும்புக் கம்பங்கள் நட்டேன். சைக்கிள் நுழைய இடைவெளி விட்டேன். ஆனால் அளந்தது என் வெறும் சைக்கிளை வைத்து. சூளையிலிருந்து என் கடைக்கு மண்பொம்மை கொண்டுவரும் பெண்களின் சைக்கிளில், வைக்கோல் சுற்றிய பொம்மை மூட்டை இரண்டு பக்கமும் தொங்கும். அந்தப் பொம்மையை விற்றுப் பிழைக்கிற எனக்கு அது தோன்றவில்லை.

அதனால் அவர்கள் லாரி ஓடும் மெயின் ரோட்டில் சுற்றி வருகிறார்கள். இன்று அவர்களில் ஒருத்தியான ஸ்டெல்லாவின் மூட்டையில் பஸ் உரசிவிட்டது. கீழே விழுந்தவளின் தலைக்கு ஒரு முழம் தள்ளித்தான் பின்சக்கரம் போயிருக்கிறது.

முழங்கையில் ரத்தத்தோடு கடைக்கு வந்து, "ஒண்ணும் ஒடையல மொதலாளி, பிரிச்சிப் பாத்துக்கங்க" என்றாள்.

"கம்பத்துல நுழையலன்னு ஏம்மா சொல்லல?"

"நீங்க நட்டதாச்சே. மூட்டையப் பட்டினி போட்டு எளைக்க வெக்கலாம்னு இருந்தோம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்பத்தை அறுக்க வெல்டர் நாளை பத்து மணிக்குத்தான் வருவானாம். அவர்கள் ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். வர வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார்கள்; ஒருநாள் கூலி போய்விடுமே. ஆறரைக்கே போய்ச் சந்து முனையில் நின்று, ஒவ்வொரு மூட்டையாகக் கம்பத்துக்கு மேலே நானே தூக்கிக் கொடுக்க வேண்டியதுதான்.